வடசேரி வண்டில்

குதிரைகளைப் பற்றி எனக்குக் கெட்ட அபிப்பிராயம் எதுவும் இல்லை. காலையில் வாளியோடு போனால் தலையை ஆட்டும். சாணம் அள்ளும்போது ஒதுங்கி நிற்கும். யாரைப் பற்றியும் யாரிடமும் கோள் சொல்லாது. இந்த நாட்டுக்கு வந்து நான் பழகியவர்களில் அவைதான் மரியாதையானவை. நான் மிருகங்களை வெறுப்பவன் என்று அந்தப் பொலிஸ் அதிகாரி நினைப்பது அவர் முகத்தில் தெரிந்தது, அதனால் இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

உமாபதி ஐயா, நான் பேசினால் உங்களுக்குப் பாதி விளங்குவதில்லை. நீங்கள் மதராஸ் தமிழ், நான் மட்டக்களப்பு. நடுவில் பிரெஞ்சு வேறு. ஆகவே நீங்கள் கேட்டபடி எழுத்துத் தமிழிலேயே எழுதித் தருகிறேன். நீங்கள் ஆறுதலாக மொழிபெயர்த்து அவரிடம் கொடுங்கள். எதையும் விடவேண்டாம், எதையும் அழகுபடுத்தவும் வேண்டாம். அகதி விசாரணைக்கு என் கதையை எழுதிய வழக்கறிஞர் இன்னும் கொஞ்சம் கண்ணீர் போடலாமே என்று கேட்டார். இந்தக் கதைக்கு அது தேவைப்படாது.

என் பெயர் மார்க்கண்டு. நானும் அருமைராசாவும் ஒரே ஊர், ஒரே வகுப்பு, ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். பிற்பாடு என் தங்கை புஷ்பவதியை அவன் கட்டினான். ஊரில் நிலைமை மோசமானதும் இரண்டு பேரும் ஒரே விமானத்தில் வந்து மொன்றியலில் இறங்கினோம். புஷ்பவதியும் மகள் கிளியும் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களைக் கூப்பிடுவது ஒன்றுதான் அருமைராசாவின் பேச்சு, நினைப்பு எல்லாம். கிளியின் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவான். குதிரைகளுக்குக்கூட அதைக் காட்டியிருக்கிறான்.

எங்களுக்குக் கிடைத்த முதல் வேலை குதிரைப் பந்தயத் திடலின் லாயத்தில். திடலின் பெயர் உங்களுக்கே தெரியும், எழுத வேண்டியதில்லை. அங்கே நடப்பது வண்டில் பந்தயம். குதிரைக்குப் பின்னால் இரண்டு சக்கரத்தில் ஒரு சின்ன வண்டில் பூட்டி, அதில் ஓர் ஆள் காலை நீட்டிக்கொண்டு இருந்து ஓட்டுவான். குதிரை பாய்ந்து ஓடக்கூடாது, பெருநடையில்தான் போகவேண்டும். தப்பித்தவறிப் பாய்ந்துவிட்டால் இழுத்துப் பிடித்து மற்ற வண்டில்களுக்குப் பின்னால் விடவேண்டும். பாயத் தெரிந்த ஒரு பிராணியைப் பிடித்து, பாயாதே, வேகமாக நட என்று சொல்லி அதற்கொரு போட்டி வைப்பது சாதாரண மூளைக்கு எட்டாத யோசனை. பார்க்க வருகிற கிழவர்கள் சுருட்டைப் பிடித்துக்கொண்டு பேப்பர் வாசிப்பார்கள். குதிரை முன்னால் போகும்போது சிலர் தலையை நிமிர்த்துவார்கள். சிலர் அதையும் செய்வதில்லை.

அந்த வருஷம் கூட்டம் நன்றாகக் குறைந்துவிட்டது. முகாமையாளர் முசியே லாபெர்ஜ் எங்களையெல்லாம் லாயத்தில் கூட்டி, கோடை முடிவதற்குள் சனம் வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தை முதலாளிகள் நிறுத்திவிடுவார்கள், பாதிப் பேருக்கு வேலை இருக்காது என்றார். பந்தயத்தை விறுவிறுப்பாக்க யாருக்காவது யோசனை இருந்தால் சொல்லலாமாம். ஒருவன் கோமாளிகளைக் கூப்பிடலாம் என்றான். ஒருவன் இலவசமாக சொசேஜ் கொடுக்கலாம் என்றான். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், உங்கள் பந்தயத்தில் பிழை குதிரையிலோ வண்டிலிலோ இல்லை, பார்ப்பவனுக்குப் பக்கம் இல்லாததுதான் பிழை என்றேன்.

ஐயா, எங்கள் பகுதியில் கண்ணகி அம்மனுக்குக் கொம்பு விளையாட்டு என்று ஒன்று உண்டு. ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். நீங்கள் எந்தச் சேரி என்பது பிறப்போடு வருவது, உங்கள் விருப்பத்தை யாரும் கேட்கமாட்டார்கள். வளைந்த கொம்புகள் இரண்டை ஒன்றோடு ஒன்று கொழுவி, வடம் கட்டி, இரு பக்கமும் நின்று இழுப்பார்கள். ஒரு கொம்பு முறியும்வரை இழுப்பார்கள். முறிந்ததும் வென்ற சேரி தோற்ற சேரியை வாய்க்கு வந்தபடி வசை பாடும். மாமியார், மருமகன், பள்ளிக்கூடத்து வாத்தியார், ஒருவருக்கும் விலக்கில்லை. அம்மன் அதைக் கேட்டுக் குளிர்ந்து போவாளாம். அம்மனுடைய ரசனையைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

நான் கேட்டது சின்ன விஷயம். ஞாயிறுகளில் சூதில்லாமல், இரண்டே குதிரை, லாயத்துக்காரர் ஓட்டுவது. லாபெர்ஜ் தோளைக் குலுக்கிவிட்டுச் சரி என்றார். மண்ணிறக் குதிரைக்கு வடக்கன் என்று பேர் வைத்தேன். கறுப்புக்குத் தெற்கன். வடக்கனை அருமைராசா ஓட்டினான். தெற்கனை அல்பேட் ஓட்டினான். அவன் திருகோணமலைக் கத்தோலிக்கன், ஓட்டுவதற்கு முன் குதிரைக்கும் சேர்த்துச் சிலுவை போடுவான். அருமைராசா பிறப்பிலேயே வடசேரி. நானும் வடசேரி.

பார்ப்பவர்களைப் பிரிப்பதுதான் சிக்கலாக இருந்தது. வந்த சனத்தில் பெரும்பாலானோர் யாழ்ப்பாணத்தார், அவர்களுக்குச் சேரி என்றால் என்னவென்றே தெரியாது. கடைசியில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சென்ட் லோரன்ட்டில் தொழிற்சாலை வேலை செய்கிறவன் வடசேரி, டவுன்டவுனில் சமையலறை வேலை செய்கிறவன் தென்சேரி. இரண்டும் இல்லாதவன் அவன் மனைவிக்கு எதிர்ச்சேரி. மூன்றாம் ஞாயிறு முடிவதற்குள் ஒரே வீட்டில் இருந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. திட்டம் பலிக்கிறது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

நீங்களும் வந்தீர்கள், மறந்திருக்க மாட்டீர்கள். புவாண்ட்-கிளேரிலிருந்து காரில், அனுசூயா அம்மாவோடு. "நாங்க எந்தப் பக்கங்க?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டீர்கள். உங்களைத் தென்சேரியில் போட்டேன், அம்மாவை வடசேரியில் போட்டேன். இரண்டாம் சுற்றில் நீங்கள் கழுத்துப்பட்டியை அவிழ்த்துத் தலைக்கு மேலே சுழற்றினீர்கள். நான் குறை சொல்லவில்லை. ஒரு இஞ்சினியர் அப்படிக் கத்தியதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

வசைப் பாட்டை மீனாம்பிகை அக்கா பார்த்துக்கொண்டா. அவ டவுன்டவுன் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறவ, கடுமையான தென்சேரி. பெயின்ட் வாளியைக் கவிழ்த்து அடித்துக்கொண்டு பாடுவா:

வடசேரிக் குதிரைக்கு வாலெல்லாம் சடையாம்
வைக்கோலைத் திண்டுபோட்டு வழியெல்லாம் விட்டையாம்

சுருட்டுக் கிழவர்கள் பேப்பரை மடித்து வைத்தார்கள். சிலர் மீனாம்பிகை அக்காவிடம் பாட்டுப் பழகினார்கள். கெட்ட சொல்லை மட்டும் சுத்தமாக உச்சரித்தார்கள். கம்பி வேலியடியில் நான் நடந்து போனால், "அண்ணை, இந்த முறை எப்பிடி?" என்று சனம் கையைப் பிடித்துக் கேட்கும். பஸ்ஸில் யாரும் பக்கத்தில் இருக்க விரும்பாத ஆள் நான். அங்கே எனக்கு வழி விட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் வடக்கன் நல்ல குதிரை, அருமைராசாவும் நல்ல ஓட்டி. தொடர்ந்து வடசேரியே வென்றது. தென்சேரிச் சனம் வரத்துக் குறைந்தது. எங்கள் ஊரில் இரண்டு கொம்பும் சம பலமாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொழுவுவார்கள், ஒன்று சொத்தையாக இருந்தால் விளையாட்டே இல்லை. ஆகவே நான் சமப்படுத்தினேன். பந்தயத்துக்குச் சற்று முன்பு வடக்கனுக்கு உப்புத் தீனி கொடுத்து வயிறு முட்டத் தண்ணீர் காட்டினேன். அதனால் அந்த ஞாயிறு தெற்கன் வென்றான். பிறகு தெற்கன் இரண்டு முறை தொடர்ந்து வென்றான். ஆகவே தெற்கனின் குளம்புக்கும் லாடத்துக்கும் இடையில் சின்னக் கல்லொன்றைச் செருகினேன். அது நொண்டியது, பெரிதாக அல்ல. அல்பேட் குனிந்து பார்த்துவிட்டு, "பாவம், என்னவோ செய்யுது" என்றான். பிறகு நானே அந்தக் கல்லை எடுத்துவிட்டு மருந்தும் பூசினேன். ஒரு பக்கம் சாய்ந்து நான் ஒருநாளும் நடந்ததில்லை.

பந்தயம் இறுக்கமானது. ஒரு மூக்கு வித்தியாசத்தில் முடியும் அளவுக்கு வந்தது. அங்கேதான் புதுப் பிரச்சினை தொடங்கியது. மூக்கு வித்தியாசத்தை வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. நடுவர்கள் படம் எடுத்துக் கழுவிப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்கள். அதுவரை சனம் நிற்கும். வென்றவனுக்கும் சந்தோஷம் ஆறிப்போகும், தோற்றவன் படம் பிழை என்பான். மீனாம்பிகை அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தா.

"என்னடா தம்பி இது? ஒண்டும் முறியாம என்ன வெற்றி? படத்தைப் பாத்து வசை பாடச் சொல்றியா?"

அவ சொன்னதில் நியாயம் இருந்தது. சேரி இருந்தது, வசை இருந்தது, வாளிகூட இருந்தது. முறிவு மட்டும் இல்லை. விளையாட்டின் பாதியைத்தான் நான் கொண்டுவந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த வாரம் லாபெர்ஜ் வந்து, வருகிற ஞாயிறு முதலாளிகள் நேரில் வருகிறார்கள், பார்த்துவிட்டு முடிவு சொல்வார்கள் என்றார். மறுநாள் மத்தியானம் வடக்கனுக்கு மயிர் சீவிக்கொண்டு நின்ற அருமைராசா, சீவியபடியே சொன்னான்.

"மச்சான், இந்த ஞாயிறோட நான் விடுறன். சென்ட் லோரன்ட்டில விமானச் சாமான் செய்யிற இடத்தில எடுத்திட்டாங்கள். நிரந்தர வேலை. அது இருந்தாத்தான் புஷ்பத்தைக் கூப்பிடலாமாம்."

"ஞாயிறில வந்து ஓட்டலாம்தானே?"

"ஏலாது மச்சான், ஞாயிறிலயும் வேலை. வீடும் அங்கதான் பாத்திருக்கன். சின்ன வீடுதான், எங்க மூண்டு பேருக்கும் போதும்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "கோவிக்காத. இது விளையாட்டுத்தானே. கிளி என்ட முகத்தையே மறந்திருக்கும்."

எனக்குக் கோபம் இல்லை. விளையாட்டுத்தானே என்று அவன் சொன்னதிலும் கோபம் இல்லை, மூன்று பேருக்கு என்று சொன்னதிலும் கோபம் இல்லை. அவன் போனால் வடக்கனை ஓட்ட ஆள் இல்லை, ஓட்டி இல்லாவிட்டால் சேரி இல்லை, சேரி இல்லாவிட்டால் சனம் இல்லை. இதைத்தான் நான் யோசித்தேன். இருக்கிற கடைசி ஞாயிற்றை உருப்படியாகப் பயன்படுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

லாயத்துக்காரருக்குக் கொடுத்திருந்தது பழைய வண்டில்கள். குதிரையின் இரு பக்கமும் நீளுகிற ஏர்க்கால் மரத்தாலானது. குதிரையின் விலாவோடு சேர்த்து வார் சுற்றுகிற இடத்தில் ஒருவரும் மரத்தைப் பார்க்கமாட்டார்கள், தோல்தான் தெரியும். ஞாயிறு காலையில், லாயத்தில் எல்லோரும் கோப்பி குடிக்கப் போனபோது, அந்த இடத்தில் மரம் அரிகிற வாளால் அறுத்தேன். அவசரப்படவில்லை. அதிகம் அறுத்தால் புறப்படும்போதே முறிந்துவிடும், அதில் பிரயோசனம் இல்லை. குறைய அறுத்தால் முறியவே முறியாது. குதிரை முழு வேகத்தில் கடைசி வளைவைத் திரும்பும்போது, சனத்துக்கு நேர் முன்னால் முறிய வேண்டும். மரத்தைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டு அறுத்தேன். பிறகு வாரைச் சுற்றிவிட்டு, வாளைத் துடைத்து, இருந்த ஆணியிலேயே மாட்டினேன். அதை ஒளித்தேன் என்று அதிகாரி எழுதியிருப்பது பிழை, திருத்தச் சொல்லுங்கள்.

எந்த வண்டில் என்று நான் நன்றாக யோசித்தேன். தெற்கனின் வண்டிலை அறுத்திருந்தால், மார்க்கண்டு வடசேரிக்காரன், தன் பக்கத்துக்காகச் செய்தான் என்று சனம் கதைக்கும். அந்தப் பேச்சுக்கு நான் இடம் வைக்கவில்லை. என் சொந்தச் சேரியின் வண்டிலை, என் சொந்த மச்சானின் வண்டிலை எடுத்தேன். இதைவிட நேர்மையாக ஒருவன் எப்படி நடப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

லாயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுகிறவன் தன் வண்டிலைத் தானே பார்ப்பதில்லை, மற்றவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். பயத்தில் நிற்பவனுக்கு எல்லாம் பிழையாகத் தெரியும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். அருமைராசா தொப்பியை மாட்டிக்கொண்டு ஏறி இருந்தான். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான்.

"வண்டில் பாத்தியா மச்சான்?"

"ஓம்," என்றேன். சக்கரத்தில் ஒரு தட்டும் தட்டினேன். "போயிட்டு வா."

அன்றைய கூட்டத்தை நீங்கள் பார்த்தீர்கள். வேலியில் கைவைக்க இடமில்லை. முதல் சுற்று முழுவதும் இரண்டு குதிரையும் காதுக்குக் காது சேர்ந்து வந்தன. இரண்டாம் சுற்றில் நான் மரத்தை நினைத்துக் கொஞ்சம் கவலைப்பட்டேன், அறுத்தது காணாதோ என்று. கடைசி வளைவில் முறிந்தது. சத்தம் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே கேட்டது. ஊரில் கொம்பு முறிகிறபோது எப்படிக் கேட்குமோ அப்படியே கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

முறிந்த துண்டு வடக்கனின் விலாவில் ஏறியது. குதிரை பாய்ந்து, வண்டிலைப் புரட்டிவிட்டு விழுந்தது. அருமைராசா முன்னால் எறியப்பட்டுத் தலைகீழாக விழுந்தான். தெற்கன் ஓரமாக வந்துகொண்டிருந்தான், அல்பேட்டால் நிறுத்த ஏலவில்லை. சக்கரம் அருமைராசாவின் கழுத்துக்கு மேலால் போயிற்று. அல்பேட்டில் குற்றம் எதுவும் இல்லை. அவன் இப்போது அறையை விட்டு வெளியே வருவதில்லை, சாப்பிடுவதுமில்லை என்று கேள்விப்பட்டேன். அவனுக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள், அவன் மிக அழகாக ஓட்டினான்.

தென்சேரி பாடத் தொடங்கிவிட்டது. அவர்களுக்குத் தெரியாதுதானே. மீனாம்பிகை அக்கா வாளியை அடித்துக்கொண்டு வேலிக்கு ஓடி வந்து, பார்த்துவிட்டு, வாளியைக் கீழே போட்டா. மேலே கண்ணாடி அறைக்குள் இருந்த முதலாளிகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர்கள் எதற்கும் எழுந்து நிற்கிறவர்கள் அல்ல. வடக்கனைச் சுற்றித் துணி பிடித்து, அதற்குப் பின்னால் வைத்துச் சுட்டார்கள். அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. நான் முன்பே சொன்னேன், குதிரைகளோடு எனக்கு ஒரு பகையும் இல்லை.

இதற்கு யார் காசு தந்தார்கள் என்று அதிகாரி திரும்பத் திரும்பக் கேட்கிறார். அந்தப் பந்தயத்துக்குச் சூதே இல்லை என்று தயவுசெய்து அவருக்கு விளங்கப்படுத்துங்கள். நேற்று இன்னொரு கேள்வியும் கேட்டார், நீங்கள் மொழிபெயர்க்கக் கூச்சப்பட்டீர்கள். அருமைராசா வேலையும் வீடும் பெண்சாதி பிள்ளையுமாகப் போவதில் எனக்குப் பொறாமையா என்று. இல்லை என்று எழுதுங்கள். அவன் என் தங்கையின் புருஷன், அவன் நன்றாக இருந்தால் என் தங்கை நன்றாக இருப்பாள். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்.

புஷ்பவதி ஊரில் டெலிபோன் உள்ள கடையொன்றிலிருந்து என்னோடு பேசினாள். அது நீங்கள் என்னைப் பொலிஸுக்கு அழைத்துப் போவதற்கு முதல் நாள்.

"அண்ணே, அவருக்கு என்னவாம்? உண்மையைச் சொல்லு."

"விளையாட்டில அடிபட்டிட்டான். உயிருக்கு ஒண்டுமில்ல."

"எழும்பி நடப்பாரா?"

"இல்ல."

பின்னால் கிளி, "அப்பாவா, அப்பாவா?" என்று கேட்பது கேட்டது. இனி எங்களைக் கூப்பிட ஆரும் இருக்கினமா அண்ணே என்று தங்கை கேட்டாள். அவசரப்படாதே, மச்சான் இனி எங்கேயும் போகப்போவதில்லை, நான் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வேன் என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவள் ஏன் டெலிபோனை வைத்தாள் என்று தெரியவில்லை, லைன் அறுந்திருக்கலாம்.

அறுத்தது நான்தான். தெரிந்து அறுத்தேன், ஓம் என்று சொல்லித் தெரிந்தே அவனை அனுப்பினேன். இதை எங்கே வேண்டுமென்றாலும் கையெழுத்திட்டுத் தருவேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய் அருமைராசாவிடமும் சொல்லிவிட்டேன். அவனுக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை. கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது, தொண்டையில் குழாய், கண் மட்டும்தான் வேலை செய்கிறது. கட்டிலருகே இருந்து எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். உப்புத் தீனி, கல், வாள், கடைசி வளைவு எல்லாம். வடசேரி தோற்றுப்போனாலும் அப்படியொரு விளையாட்டை இந்த ஊர் பார்த்ததில்லை என்றும் சொன்னேன். அவன் கண்ணிமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணீர் காதுவரை ஓடி இறங்கியது, நான்தான் துடைத்துவிட்டேன். பாவம், சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான், தோற்றால் தாங்கமாட்டான்.